அம்புக்குப் பிறகு ஒரு மணி நேரம்

எங்கள் வீட்டுக்குள் வில் வந்ததற்கு மனைவிதான் காரணம். மூஸ் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னபோது அவள் மறிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவியபடியே, "போங்கோ. ஆனா துவக்கு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள். இரண்டு பேருமே வன்னியில் வளர்ந்தவர்கள். அந்தக் கதை அதோடு முடிந்தது.

நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வில்லுக்குத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. வேட்டைக் கல்வி வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டையை எடுத்து, மூஸுக்கான உரிமமும் வாங்க வேண்டும். ரொறன்ரோவில் டொன் பள்ளத்தாக்கில் ஈ.ரி. சீற்றன் பூங்கா இருக்கிறது. அங்கே நகராட்சியின் அம்பெய்யும் திடல் ஒன்று உண்டு, காசு இல்லை. இரண்டு வருடம் சனிக்கிழமை காலைகள் எல்லாம் அங்கேதான் போயின. என்னுடையது சக்கரம் வைத்த கொம்பவுண்ட் வில், 60 பவுண்ட் இழுவை. மூஸுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 22 கிலோ, அதாவது 48.5 பவுண்ட். நாண் முழுதாகப் பின்னால் வந்ததும் சக்கரங்கள் உருண்டு பாரம் சட்டென்று குறையும். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்து நிற்கலாம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாப் பிழையும் நடக்கும் என்பது பிறகு தெரிந்தது. பேப்பர் தட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு எய்து பார்த்தேன். 30 யாரில், அதாவது கெஜத்தில், ஐந்துக்கு ஐந்தும் தட்டில். 40 யாரில் ஐந்துக்கு மூன்று. ஆகவே என் எல்லை 30 யார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மாவுக்கு மூஸ் என்றால் "பெரிய மரை". படத்தைக் காட்டியபோது அப்படித்தான் பெயர் வைத்தா. ஒரு விதத்தில் சரி. இரண்டும் மான் குடும்பம்தான். ஆனால் நன்றாக வளர்ந்த ஒரு கொம்பன் மூஸ் 450 கிலோ வரும். தோள்மூட்டு என் தலைக்கு மேலே நிற்கும். இரவில் வடக்கே வாகனம் ஓட்டுபவர்கள் இதற்குப் பயப்படுவது சும்மா இல்லை. கண் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் ஹெட்லைற் வெளிச்சத்தில் மின்னாது. மோதினால் நீளக் கால்கள் மடிந்து, உடம்பு அப்படியே முன்கண்ணாடியில் வந்து விழும். மூஸ் என்ற சொல்லே இந்த மண்ணின் பழங்குடிகளின் அல்கொங்கியன் மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஒஜிப்வே மொழிக்காரர் இன்றைக்கும் கிட்டத்தட்ட "மோஸ்" என்றுதான் சொல்கிறார்கள்.

கைட் என்கிற வழிகாட்டியோடு போவதா, தனியாகப் போவதா? என்னிடம் கேட்பவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். பல இடங்களில் அதை நாம் முடிவு செய்வதில்லை, சட்டமே முடிவு செய்துவிடும். கனடாவின் கிழக்குக் கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் வெளி மாகாணத்துக்காரன் மூஸ் வேட்டையாட உரிமம் பெற்ற கைட் வேண்டும். அலாஸ்காவில் இன்னும் வேடிக்கை. வேறு மாநிலத்து அமெரிக்கக் குடிமகன் அங்கே கைட் இல்லாமலே மூஸுக்குப் போகலாம், கிரிஸ்லிக் கரடிக்கும் மலையாட்டுக்கும்தான் கைட் கட்டாயம். என்னைப்போல் வேற்று நாட்டுக்காரன் என்றால் எந்தப் பெரிய விலங்குக்கும் கைட் இல்லாமல் முடியாது. அங்கே கைட் உழைக்கும் காசுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல பகுதிகளில் கொம்பின் அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். புதருக்குள் நிற்கும் மிருகத்தைப் பார்த்து 48 அங்குலமா 50 அங்குலமா என்று சொல்வது விளையாட்டில்லை. பிழை விட்டால் வழக்கு. அலாஸ்காச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று, இறைச்சி முழுவதையும் காட்டிலிருந்து எடுக்கும் முன்னர் கொம்பை எடுத்துக்கொண்டு வர முடியாது என்பது. கொம்புக்காக மட்டும் போகிறவனுக்கு அந்த ஒரு வரி போதும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2018 செப்டம்பரில் நியூஃபவுண்ட்லாந்து. காசைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்தக் காசுக்கு ஓடக்கூடிய ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால் விமானம் வேண்டாம் என்று வாகனத்திலேயே போனேன். நோவா ஸ்கோஷியா மாகாணத்து நோர்த் சிட்னி வரை கிட்டத்தட்ட 2,000 கிலோமீற்றர், அதன்பின் தீவிலிருக்கும் போர்ட் ஓ பாஸ்க் வரை ஏழு மணி நேரம் கப்பல்.

அந்தத் தீவுக்கு மூஸ் வந்தேறு குடி. 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கே நான்கு மூஸைக் கொண்டுவந்து ஹௌலி என்ற ஊர்ப் பக்கம் விட்டார்கள். ஓநாய்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தீவிலிருந்து அழிந்துபோயின. தின்ன நிறைய, துரத்த ஆளில்லை. இன்றைக்கு அங்கே மூஸ் லட்சத்தைத் தாண்டும். நாங்களும் வந்தேறிகள்தான், அதனால் அந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குக் கிடைத்த கைட்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த என்னை முதல் நாளிலிருந்தே "மீ சன்" என்றுதான் கூப்பிட்டான். மகனே என்று பொருள். அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது இரண்டாம் நாள்தான் விளங்கியது. நாங்கள் முன்பின் தெரியாதவரை அண்ணை என்பதில்லையா, அதுபோல.

முதல் மூன்று நாளும் அவன் எனக்குக் காட்டியது காற்றைத்தான். சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பவுடர் வைத்திருப்பான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பீச்சு. வெள்ளைப் புகை எந்தப் பக்கம் போகிறதோ அதை வைத்துத்தான் எங்கள் அடுத்த அடி. மூஸுக்குக் கண் சுமார்தான். காதும் மூக்கும் அப்படியில்லை. ஈரச் சேற்று நிலத்தின் ஓரத்தில், காற்றில் அடிபட்டுக் குறுகிப்போன குட்டை ஸ்புரூஸ் மரங்களுக்குள் புகுந்து உட்காருவோம். அவன் இரண்டு கையையும் வாயில் குவித்துப் பசு மூஸ்போலக் கூப்பிடுவான். மூக்கால் அழுவதுபோல நீளமாக, கடைசியில் இழுபட்டு இறங்கும் ஓசை. பிறகு காய்ந்த தோள்பட்டை எலும்பு ஒன்றால் புதர்க்கிளைகளை உராய்வான். இன்னொரு கொம்பன் மரத்தில் கொம்பு தேய்ப்பதாகக் கேட்கும்.

நாலாம் நாள் காலை ஒன்று வந்தது. ஒவ்வொரு அடிக்கும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முக்கல். சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம் முதலில், கொம்பு பிறகு, கடைசியில்தான் உடம்பு. இருபத்தைந்து யாரில் எங்களை நேருக்கு நேர் பார்த்து நின்றது. நான் நாணை இழுத்துவிட்டேன். நெஞ்சு முழுவதும் எனக்கு முன்னால். அவன் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து என் ஜக்கெற்றின் முதுகுத் துணியைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். முன்பக்கம் முழுக்க எலும்பும் தசையும், அம்புக்கு அங்கே வழியில்லை. பக்கவாட்டில் திரும்பினால்தான் இரண்டு சுவாசப்பையும் கிடைக்கும். அது திரும்பவே இல்லை. என் கை நடுங்கத் தொடங்கி நாணைத் திரும்ப இறக்கும்போது சக்கரம் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. போய்விட்டது. முதுகில் அந்தப் பிடி இருந்திராவிட்டால் நான் விட்டிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி நாள் பின்னேரம் வேறொன்று, சின்னக் கொம்பன், 24 யாரில் பக்கவாட்டில் நின்றது. விட்டேன். அம்பு போனதே தெரியவில்லை, அப்பால் ஒரு மரத்தில் தட்டிய ஒலி மட்டும். மூஸ் நாலைந்து அடி ஓடி, நின்று, நடந்து மறைந்தது. நான் எழும்பினேன். "இரு, மீ சன்" என்றான். அப்புறம் அவன் செய்ததுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். பையிலிருந்து கரி பிடித்த ஒரு கேத்தலை எடுத்தான். மேட்டின் பின்பக்கம் காற்றுக்குக் கீழே போய்ச் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டினான். தண்ணீர் கொதிக்க வைத்தான். தேயிலை போட்டான். தகர டின்னில் இரண்டு ஓட்டை போட்டுப் பாலை ஊற்றினான். ரின்பால் தேத்தண்ணி! நான் இதைக் குடித்துத்தான் வளர்ந்தேன் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. காட்டுக்குள் இப்படி நெருப்பு மூட்டித் தேத்தண்ணி குடிப்பதற்கு அந்த ஊரில் "பொயில் அப்" என்றே பெயர், பெரியவர் சின்னவர் எல்லோரும் செய்வார்கள். அவன் தாயைப் பற்றி, கொட் மீன் பற்றி, அல்பேர்ட்டாவுக்கு எண்ணெய் வேலைக்குப் போன அண்ணனைப் பற்றிக் கதைத்தான். மூஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு நெருப்பை மிதித்து அணைத்து, மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "இப்ப போவோம்" என்றான். இளஞ்சிவப்பில் நுரைத்த இரத்தம், தொண்ணூறு மீற்றர், அங்கே விழுந்து கிடந்தது.

உரித்தது, வெட்டியது, எட்டுச் சக்கர ஆர்கோ வண்டியில் ஏற்றியது எல்லாம் அவன். நான் கால்களைப் பிடித்துக்கொடுத்தேன். திரும்பும் கப்பலில் படுத்திருந்தபோது, அம்பை விட்டது மட்டும்தானே நான் என்று ஒரு எண்ணம். அதுவே பெரிதாகி, அடுத்த முறை கைட் இல்லாமல் என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஒன்ராறியோவில் வசிப்பவனுக்கு இங்கே கைட் தேவையில்லை. தேவை ‘டேக்’ என்கிற அனுமதிச் சீட்டு. 2021இலிருந்து அது புள்ளிக் கணக்கில் நடக்கிறது. கிடைக்காத வருடங்களுக்குப் புள்ளி சேரும், கிடைத்து எடுத்துக்கொண்டால் புள்ளி பூச்சியத்துக்குப் போகும். வில்லுக்கான டேக்குக்குப் போட்டி கொஞ்சம் குறைவு. 2023இல் எனக்குக் கொம்பன் டேக் கிடைத்தது. வேலைத்தளத்தில் என்னோடு இருக்கும் தம்பி ஒருவன், மீன் பிடிப்பதில் பைத்தியம், வேட்டைப் பரீட்சையும் எழுதியிருந்தான், கூட வந்தான். செப்டம்பர் கடைசி வாரம், கோகாமா பக்கம், ஸ்காபரோவிலிருந்து ஏழு மணி நேர ஓட்டம். மாகாணத்தின் பெரும்பகுதி அரசு நிலம்தான். இங்கே வசிப்பவர்கள் அந்த நிலத்தில் ஒரே இடத்தில் 21 நாள் வரை இலவசமாகக் கூடாரம் போடலாம். மரம் தறித்துப் பத்து வருடமான பழைய வெட்டுப்பகுதி ஒன்றைக் கோடையிலேயே போய்ப் பார்த்து வைத்திருந்தோம். இளம் பேர்ச்சும் வில்லோவும் ஆளுயரத்துக்கு வந்திருந்தன. மூஸுக்கு அதுதான் விருந்துச் சாப்பாடு.

என் கூப்பாட்டைக் கேட்டுவிட்டு, "அண்ணை, இது கன்று போடேலாமல் கத்துற மாடு" என்றான் தம்பி. உண்மைதான். ஆனாலும் நாலாம் நாள் பின்னேரம் தம்பி வாளியில் தண்ணீர் அள்ளி மேலேயிருந்து குளத்துக்குள் ஊற்ற, அதாவது பசு மூத்திரம் பெய்வதுபோல, எங்கோ ஒரு முக்கல் கேட்டது. ஆறு மணி பத்து. வெட்டுப்பகுதியின் ஓரத்தில் கொம்பு தெரிந்தது. 27 யார். அது கொஞ்சம் சாய்வாக நின்றது, பின்பக்கம் எனக்குச் சற்றுக் கிட்ட. நல்ல கோணம். நான் விடும் நொடியில் அது ஒரு அடி முன்னால் வைத்தது.

மூஸ் ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போனது. இப்போது எழுதும்போது எனக்குத் தெரியும், கூனி நடந்தால் அம்பு பின்னுக்குப் பட்டிருக்கிறது என்று. வகுப்பிலும் சொல்லித்தந்தார்கள். ஆனால் அன்றைக்கு நான் அதை ‘அமைதியாகப் போகிறது, சுவாசப்பை’ என்று எனக்கே மொழிபெயர்த்துக்கொண்டேன். அம்பை எடுத்துப் பார்த்தோம். இரத்தம் நுரை இல்லாமல் கறுப்புச் சிவப்பு, பழைய வைன் நிறம். ஈரல். ஈரல் என்றால் குறைந்தது மூன்று நாலு மணி நேரம் விட வேண்டும். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஏழே காலுக்குச் சூரியன் விழும். மழை வந்தால் தடம் அழியும் என்றான் தம்பி. என்னை மறிக்க என் ஜக்கெற்றைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. நாற்பது நிமிடம் நின்றோம். நின்றோம் என்பதுகூடப் பொய், நாற்பது நிமிடமும் மணிக்கூட்டைப் பார்த்தோம்.

120 மீற்றர் தள்ளி அது படுத்திருந்த இடம். அமுங்கிய புல், கை வைத்தால் சூடு, ஒரு தட்டளவு இரத்தம். அந்த நேரம்தான் முன்னால் ஒரு கிளை முறிந்தது. அப்புறம் இன்னொன்று, தூரத்தில். நாங்கள்தான் அதை எழுப்பிவிட்டோம். பேசாமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே செத்திருக்கும். பத்து நிமிடத்தில் மழை வந்தது.

அன்றிரவு கூடாரத்தில் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. நாலு பாகை குளிர். அந்தக் குளிராவது இறைச்சியைக் காக்கும் என்று நினைத்தேன். காலையில் தடம் ஒன்றும் இல்லை. எட்டுமணி போலத் தம்பிதான் காகம் என்றான். அண்டங்காகங்கள், ஐந்தாறு, ஒரு சதுப்புக்கு மேலே ஏறி இறங்கின. படுத்த இடத்திலிருந்து எழுநூறு மீற்றர். அங்கே இருந்தது, ஒரு காலை மடித்து, கொம்பு சேற்றில் புதைந்து.

மூஸின் தோல் ஒரு கனத்த போர்வை. வெளியே நாலு பாகை என்றாலும் உள்ளே இரவு முழுவதும் சூடு போகாது. நிலத்தில் கிடந்த பக்கத்துப் பின்தொடையை இடுப்பெலும்பு மூட்டில் அறுத்துத் திறந்தபோது வாசம் வந்தது. அழுகல் இல்லை, புளித்துத் திரும்பிய ஒரு வாசம். மூட்டைச் சுற்றிய இறைச்சி பச்சை கலந்த சாம்பல் நிறம். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்தத் தொடை முழுவதும் போயிற்று, ஐம்பது கிலோவுக்குக் கிட்ட. மற்றவை தப்பின. ஈ வராமலிருக்க மிளகுத்தூள் தூவிப் பருத்திப் பைகளில் போட்டோம். இதை வெள்ளைக்கார வேட்டைக்காரர்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள், மிளகின் அருமையை எனக்கே. இடுப்பளவு சதுப்பு, இரண்டு பேர், வாகனத்துக்கு ஒன்பது நடை. கடைசிப் பையை ஏற்றும்போது இருட்டிவிட்டது.

அம்மாவுக்கு ஈரல் வேண்டுமாம். அது அம்பிலேயே போய்விட்டது, போகாவிட்டாலும் சாப்பிடக்கூடாது. மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேர்வதால் சாப்பிட வேண்டாம் என்று மாகாணமே சொல்கிறது. மிச்ச இறைச்சி நாலு வீட்டு ஃபிரீசர்களுக்குப் போனது. கொழுப்பே இல்லாத இறைச்சி, குறைந்த நெருப்பில் இரண்டரை மணி நேரம் கிடக்க வேண்டும். வறுத்த கறித்தூளும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும். அம்மா ஒரு பங்கை வத்தல் போட்டா. "மரை வத்தல் மாதிரித்தான், ஆனா கொஞ்சம் சப்பு" என்பது அவவின் தீர்ப்பு.

இப்போது யாராவது கைட்டோடு போவதா தனியாகவா என்று கேட்டால், மூஸைக் கண்டுபிடிக்கத்தான் கைட் என்று நினைக்காதே என்கிறேன். கண்டுபிடிக்க நாங்களும் கண்டுபிடித்தோம், கன்று போடமுடியாத மாட்டின் குரலோடு. பிறகு கட்டாயம் அடுத்த கேள்வி வரும், நீங்கள் திரும்பவும் கைட்டோடு போவீர்களா என்று. இல்லை. தம்பியும் வருவான்.

வீடு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, நியூஃபவுண்ட்லாந்துப் பொடியனுக்குக் கொம்பின் படத்தை அனுப்பினேன். நடந்த எல்லாவற்றையும் எழுதினேன், தொடை போனதையும். பெரிதாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும்போதுதான் பதில் வந்தது. ஒரே வரி.

"நீ கேத்தல் கொண்டு போகவில்லையா, மீ சன்?"